கை முழுசாக உள்ளவர்கள்

சேஷு ஏணி மேல் நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே வரிசையாகப் பாத்திரம் அடிக்கும் பிரஸ்கள் ஓடின. ஒவ்வொரு அடிக்கும் தரை குலுங்கி, அந்தக் குலுக்கல் ஏணிக் கால் வழியாக அவர் உள்ளங்கால் வரை ஏறியது. ஆணி நேராக நிற்க மறுத்தது. மாட்ட வேண்டிய பலகை ஏணியடியில் சாய்ந்திருந்தது. வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து, முழுக்க ஆங்கிலம். பாதுகாப்பைப் பற்றிப் பத்து வாக்கியங்கள். முதலாளியின் மகன் விக்கி ஒரு புத்தகத்தைக் கொடுத்து, இதிலிருந்து பார்த்து எழுது என்று சொல்லியிருந்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பட்டறையைப் பார்க்க வரப்போகிறார்கள். சுவர் காலியாக இருக்கக்கூடாது.

பவர் பிரஸ் ஒன்றும் புரியாத இயந்திரமில்லை. பக்கவாட்டில் ஒரு கனத்த சக்கரம். மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆள் பொத்தானை அமுக்கியதும் உள்ளே ஓர் இரும்புச் சாவி விழுந்து சக்கரத்தையும் தண்டையும் ஒன்றாகக் கோத்துவிடும். தண்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். மேலேயிருக்கும் பஞ்ச் என்ற இரும்புக் கட்டை இறங்கி, கீழே டை என்ற அச்சின் மேல் வைத்த எவர்சில்வர் தகட்டை அமுக்கித் தட்டாகவோ கிண்ணமாகவோ ஆக்கிவிட்டு மறுபடி மேலே போய் நிற்கும். இறங்கத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. மின்சாரத்தையே அணைத்தாலும் சக்கரத்தின் வேகம் அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் ஓயும். அதனால்தான் இயந்திரத்தைச் செய்தவன் ஒரு பொத்தானுக்குப் பதில் இரண்டு வைத்தான், ஒன்றை இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும். இரண்டையும் ஒருசேர அமுக்கினால்தான் பஞ்ச் இறங்கும். இரண்டு கையும் பொத்தான்களில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்க வழியில்லை.

இந்தப் பட்டறையில் இடது பொத்தான்கள் எப்போதும் அமுங்கியே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். அதன்மேல் இறுக்கிச் சுற்றிய பழைய சைக்கிள் டியூப். வலது கை பொத்தானுக்கு, இடது கை தகடு வைக்கவும் எடுக்கவும். ஒரு தட்டுக்கு ஒரு மூச்சு மிச்சம். நாளெல்லாம் சேர்த்தால் அது பெரிய குவியல்.

ஏணிக்குப் பக்கத்துப் பிரஸ்ஸில் மஹேந்தர் என்ற பிஹார்க்காரன். சேஷு சுத்தியலை ஓங்கியபோது அந்தப் பிரஸ்ஸின் சத்தம் மாறியது. தகடு அமுங்கினால் கணீரென்று கேட்கும். இது துணிக்குள் கல்லை வைத்துத் தட்டியதுபோல் மந்தமாக இருந்தது. சேஷு திரும்பிப் பார்த்தார். மஹேந்தர் கத்தவில்லை. பஞ்ச் மேலே போய்விட்டது. அவன் இடது கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கி, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல் பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் மட்டும் இருந்தது. அதற்கப்புறம்தான் ரத்தம் பீறியது. டையிலும் தகட்டிலும் ஏணியிலும் சேஷுவின் கால்சட்டை ஓரத்திலும் தெறித்தது.

போர்மேன் தரம்பால் ஓடி வந்தான். அவன் கை முதலில் போனது மஹேந்தரிடம் இல்லை, இடது பொத்தானுக்கு. டியூபை அவிழ்த்துக் கூழாங்கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அதே டியூபால் மஹேந்தரின் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினான். கட்டும்போதே, யார் பார்த்தாலும் தெரியும்படி, பொத்தான் விடுபட்டு மேலே வந்து நின்றது. மஹேந்தரை டெம்போவில் ஏற்றினார்கள். ஒருவன் மரத்தூளைக் கொட்டிக் கூட்டினான். இன்னொருவன் டையை மண்ணெண்ணெயால் துடைத்து, துடைத்த துணியோடு சேர்த்து எதையோ பொட்டலம் கட்டி வெளியே கொண்டுபோனான். டீ வருவதற்கு முன்னால் அந்தப் பிரஸ்ஸில் வேறு ஆள் நின்றான். அதன் பொத்தானில் வேறு டியூப்.

விக்கி மாடியிலிருந்து இறங்கி வந்து, பலகை இன்னும் மாட்டவில்லையா என்று கேட்டான்.

சேஷுவுக்கு இந்த வேலை புதிது. பதினெட்டு வருஷம் அவர் ஒரு பம்புசெட் கம்பெனியில், பம்போடு பெட்டியில் வைத்துத் தரும் விளக்கத் தாள்களை எழுதியவர். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. நாற்பத்தாறு வயதில் ஓக்லாவில் இந்தப் பாத்திரப் பட்டறையில்தான் இடம் கிடைத்தது. ஆள் சேர்ப்பது, அடையாள அட்டை போடுவது, பலகை எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. மூன்று தலைமுறையாக டெல்லியில் இருந்தும் பட்டறையில் அவருக்குப் பெயர் மத்ராஸி பாபு. விளக்கத் தாள் எழுதுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படிக்கப் போகிறவன் யார், எங்கே நின்று படிப்பான், படித்து முடித்ததும் அவன் கை என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றும் தெரியாமல் பேனாவைத் திறக்கக்கூடாது என்பார். இரவில் கிணற்று மேட்டில் டார்ச்சு வெளிச்சத்தில் நிற்கும் விவசாயிக்கு ஒரு தாள், கடையில் பம்பு விற்கிறவனுக்கு வேறு தாள் என்று மல்லுக்கட்டி அச்சடித்தவர். அப்படிப்பட்டவர் தான் மாட்டிய ஆங்கிலப் பலகையைப் பார்த்தபோது, அதை இந்த ஷெட்டில் படிக்கக்கூடியவர் தான் ஒருவர்தான் என்று கண்டார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவர் பொன்னியிடம் போனார். சின்னசேலத்துப் பக்கத்துக்காரி. நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் கரையில் தமிழர்களின் ஜுக்கிக் குடிசைகளில் இருந்து பட்டறைக்கு வரும் பெண்களில் வாய் அதிகம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளே கேட்டாள். இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதே என்று அவர் தமிழில் சொன்னார்.

பொன்னி பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்தாள். "கேட்டுக்கினீங்களாடி? அப்பிடியே அடுப்புல கைய வச்சா சுடும்னு ஒரு போர்டு எழுதிக் குடு சார். எங்க ஜுக்கியில மாட்டிக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். சேஷுவும் சிரித்தார். பிறகு, தெரிந்தும் ஏன் கையை விடுகிறாய் என்று கேட்டார்.

"ரெண்டு கையாலயும் அமுக்கினா சாயங்காலத்துக்குள்ள எங்க சார் கணக்கு வரும்? கணக்கு வரலன்னா நாளைக்கு கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்." ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தாள். "அந்த டியூப நானா கட்றேன்? காலைல வந்து பாரு. நாங்க உள்ள வர்றதுக்குள்ள தரம்பால் பையா அல்லா மிசினுக்கும் பூ கட்றாப்ல கட்டி வச்சிருப்பாரு. கைய விடாதன்னு என்கிட்ட சொல்ற. கட்றவன்கிட்ட சொன்னியா?"

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சேஷுவுக்கு உட்கார இடம் கிடைத்தது. கிட்வாய் நகர் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டு நடந்து திரும்பினார்.

குவார்ட்டர்ஸ் அவருடைய மனைவி காமாக்ஷியின் பெயரில். அவள் மத்திய அரசு அமைச்சகத்தில் கிளார்க். அவர் சாப்பாட்டு மேஜைமேல் கெட்டி அட்டையை விரித்துத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, பிளேடால் வெட்டிக்கொண்டிருப்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அட்டையைப் பொத்தான்மேல் வைத்துப் பச்சைப் பெயிண்டைப் பூசினால் உள்ளங்கை பதியும் என்று அவர் விளக்கினார். எழுத்தே வேண்டாம். பிஹாரியோ தமிழோ, பார்த்தவுடன் கை தானாகப் போய் அங்கே உட்காரும். கண் பலகைக்குப் போகாது, பொத்தானுக்குத்தான் போகும். ஆகவே சுவரில் மாட்டுவதே தப்பு. இப்படிப் பேசும்போது அவர் முகத்தில் பழைய கம்பெனி நாட்களின் வெளிச்சம் வந்திருந்தது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். ஒரே முகம் பல பிரதிகளாக விழுந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த தரம்பாலின் பாஸ்போர்ட் அளவுப் படம். கோல் மார்க்கெட் ஸ்டுடியோவில் பிரதி போட்டிருந்தார். ஒவ்வோர் இடது பொத்தானுக்கும் பக்கத்தில் ஒன்று ஒட்டப்போகிறார். இதைக் கட்டியவர் இவர். அவ்வளவுதான் செய்தி. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். இன்ஸ்பெக்டர் வந்தால் அவனுக்கும் புரியும்.

காமாக்ஷி ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "நீங்க விவரம் சொல்லலை. ஆளைக் காட்டிக் குடுக்கறேள்."

"இந்த இடத்துல ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் சேஷு.

விடுமுறை நாளில் பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பெயிண்ட் அடித்தார், படங்களை ஒட்டினார். அடுத்த நாள் காலையில் தரம்பால் டியூப்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முதல் பிரஸ்ஸின் முன் நின்றவன், தன் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான். அடுத்ததிலும் அதே முகம். வரிசை நெடுக அவனே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்கள் உள்ளே வந்தார்கள். முதலில் ஒருவன் சிரித்தான். பொன்னி தன் பிரஸ்முன் போய்க் கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எங்க மிசினுக்கு சாமி படம் மாட்டியாச்சி" என்றாள். தமிழ் தெரியாதவர்களும் அந்தக் கும்பிடைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷெட்டு முழுக்கச் சிரிப்பு.

தரம்பால் சிரிக்கவில்லை. சேஷுவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, ஹிந்தியில் கேட்டான். நாளைக்கு இன்னொருவன் கை போனால் போலீஸ் முதலாளியையா கேட்கும், இந்தப் போட்டோவில் இருக்கிறவனைத்தான் கேட்கும், இது உனக்குத் தெரியாதா பாபு? தெரியும் என்றார் சேஷு. தரம்பால் முதல் பிரஸ்வரை போய்த் தன் படத்தை மறுபடி பார்த்தான். பிறகு டியூப்களைக் கொண்டுபோய்க் கழிவுத் தொட்டியில் போட்டான்.

அந்த வாரம் ஷெட்டின் தாளமே மாறியிருந்தது. தகட்டை வை, கையை வெளியே எடு, இரண்டு உள்ளங்கையையும் பச்சையில் வை, அமுக்கு. அடிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு கேட்டது. சேஷு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்கடி கீழே இறங்கி வந்து அதைக் கேட்டார். ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. குவியல்தான் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று.

வாரக் கடைசியில் விக்கி இரண்டு ஆட்களோடு வந்தான். ஷட்டரை இறக்கச் சொன்னான். பிரஸ்களை நிறுத்தினார்கள். மோட்டாரை அணைத்த பிறகும் சக்கரங்கள் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே சுற்றின. அந்த முனகல் அடங்குவதற்குள் தரம்பாலைத் தரையில் தள்ளியிருந்தார்கள். மூலையில் கிடந்த மோட்டார் பெல்ட்டை ஒருவன் எடுத்தான். ரப்பரும் கேன்வாசும் கெட்டியாகப் பதிந்த பட்டை. விழும்போது வளைந்து விழும், அதனால் முதுகில் அடித்தாலும் நுனி வயிற்றைச் சுற்றிக்கொண்டு வரும். மற்றவன் அவன் கழுத்தில் ஷூவை வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். தரம்பாலின் மூக்கு சிமென்ட்டில் உரசி உடைந்தது. அவன் கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டான். ஒளித்த கையை இழுத்து வெளியே போட்டு அதன்மேலும் அடித்தார்கள். எல்லாரையும் பார்க்கச் சொன்னான் விக்கி. எல்லாரும் பார்த்தார்கள். சேஷு நடுவில் போனார். யாரோ மார்பில் கைவைத்துத் தள்ள, அவர் தலை தான் மாட்டிய பலகையின் சட்டத்தில் போய் மோதியது.

பிறகு தரம்பாலை எழுப்பி, கட்டு என்றான் விக்கி. தரம்பால் கழிவுத் தொட்டிக்குள் குனிந்து டியூப்களை வெளியே எடுத்தான். விரல்கள் வீங்கியிருந்ததால் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். ஒவ்வொரு படத்தையும் நகத்தால் சுரண்டிக் கிழித்தான். மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் பச்சை உள்ளங்கைகளில் சொட்டியது. பொன்னியின் பிரஸ்ஸுக்கு வந்தபோது அவளை ஓங்கி அறைந்தான். அவள் கீழே விழுந்தாள். கொண்டையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்சுவரோரம் இருந்த பெரிய பிரஸ்முன் நிறுத்தினான். பெரிய தாம்பாளங்கள் அடிக்கிற பிரஸ் அது. ஆறடி ஆளுக்காகச் செய்தது. பெண்கள் யாரும் அதில் நின்றதில்லை. "இனிமே இங்கே சிரி" என்றான்.

விக்கி சேஷுவை மாடிக்கு அழைத்தான். தண்ணீர் கொடுத்தான். கோபமாகப் பேசவில்லை. பச்சைக் கை நன்றாக இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும், வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்றான். "சேஷுஜி, நீங்க கெட்டிக்காரர். யார் படிக்கணும்கிறதை மட்டும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

சேஷு பொன்னியைப் பழைய இடத்துக்கு மாற்றும்படி கேட்டார். அது போர்மேன் வேலை, நான் தலையிட மாட்டேன் என்றான் விக்கி. தரம்பாலிடம் கேட்டார். தரம்பால் காது கொடுத்தே கேட்கவில்லை. தானே ராஜினாமா செய்வதாகவும் நினைத்தார். ஆனால் அப்புறம் அந்தப் பெரிய பிரஸ்ஸைப் பார்க்கக்கூட ஆள் இருக்காதே என்று தோன்றியது. அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பெரிய பிரஸ்ஸின் டை அவள் மார்பு உயரத்தில் இருந்தது. அவள் காலுக்கடியில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்றாள். தாம்பாளம் அகலமானது, டையோடு ஒட்டிக்கொள்ளும். இடது கையை முழங்கை வரை விட்டு நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். எட்டிக் குனியும்போது பெட்டி ஆடும். ஆடினால் பிடிப்புக்கு வலது கை எங்கே போகும்? பொத்தான்மேல்தான் ஏற்கெனவே இருக்கிறது. உடம்பின் பாரம் அந்தக் கையில் இறங்கினால் போதும்.

சேஷு இதைக் கண்டுபிடித்த அன்றே பெட்டியின் நாலு மூலைக்கடியிலும் ரப்பர் துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார். தச்சனிடம் அவள் ஏறி நிற்க அகலமான பலகை அடிக்கச் சொன்னார். மணிக்கொருதரம் வந்து நின்றார். மூன்றாம் நாள் பொன்னி திரும்பாமலே சொன்னாள்.

"சும்மா சும்மா வந்து நிக்காத சார். நீ வந்தா கண்ணு உன்கிட்ட போவுது. கை அங்க கெடக்குது."

அதன்பிறகு அவர் தூரத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டார். தாம்பாளத்தின் சத்தம் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. மாடியறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை எழுதும்போதும் அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. கணீர். இடைவெளி. கணீர். அவரையறியாமல் ஒவ்வோர் இடைவெளியிலும் பேனா நின்று நின்று எழுதியது.

தச்சனின் பலகை வருவதாக இருந்த நாளுக்கு முந்தின மத்தியானம் அந்த மந்தமான சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பொன்னியின் குரல். மஹேந்தரைப்போல் அவள் பேசாமல் நிற்கவில்லை. சேஷு படிகளில் இறங்கி ஓடினார். பஞ்ச் மேலே போயிருந்தது. அவள் பெட்டியிலிருந்து சரிந்து, டையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் கையாக இல்லை. தகட்டோடு சேர்ந்து அமுங்கி அதன் வளைவை வாங்கியிருந்தது. தரம்பால் டியூபை அவிழ்த்தான். அவன் வாய் கோணி அழுதுகொண்டிருந்தது. அழுதபடியே கூழாங்கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

சேஷு அவளைத் தூக்கிக்கொண்டு டெம்போவுக்கு ஓடினார். அவள் அவர் காதருகே, "புள்ளைங்களாண்ட சொல்லாத சார், சொல்லாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெளிநாட்டுக்காரர்களின் வருகை தள்ளிப் போய்த் தள்ளிப் போய்க் கடைசியில் ஜூன் மாதத்தில் வந்தது. லூ என்ற வடக்கத்திக் கோடை அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மஹேந்தர் பட்டறைக்குத் திரும்பிக் கூட்டுகிற வேலையில் இருந்தான். பொன்னியும் வந்துவிட்டாள், கழிவுத் தகடுகளைப் பொறுக்கிக் கூடையில் போடும் வேலைக்கு. வேறு எங்கும் அவளை எடுக்கவில்லை.

அன்று காலையில் விக்கி சேஷுவிடம் சொன்னது ஒரே வரி. கை முழுசாக உள்ளவர்கள் கீழே, மற்றவர்கள் மொட்டை மாடிக்கு. யார் யார் என்று பெயர் பெயராக உங்களுக்குத்தான் தெரியும்.

சேஷு வரிசையின் ஓரமாக நடந்தார். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. எதிரே வந்து நின்றதுமே அவர்கள் புரிந்துகொண்டு விலகிப் படிக்கட்டுப் பக்கம் போனார்கள். அவர் நினைத்திருந்ததைவிட அதிகம் பேர். ஆள்காட்டி விரல் இல்லாத கிழவர். பாதி உள்ளங்கைக்காரன். கீழே இருப்பவர்களுக்கு சமோசாவும் குளிர்பானமும் உண்டு என்று கேள்விப்பட்ட ஒருவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். தரம்பால் அந்தக் கையை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, முதுகில் தட்டி மேலே அனுப்பினான்.

பொன்னி கடைசியாக ஏறினாள். "மேல தண்ணி இருக்குமா சார்?"

"டேங்க் இருக்கு" என்றார் சேஷு. மொட்டை மாடிக் கதவைச் சாத்திப் படிக்கட்டுப் பக்கம் பூட்டுப் போட்டார். சாவி அவர் சட்டைப்பையில்.

வந்த வெளிநாட்டு அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். உண்மையான அக்கறையோடு பார்த்தாள். பலகையைப் பார்த்துத் தலையசைத்தாள். பொத்தான்களின் பச்சை உள்ளங்கைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஏன் இங்கே எழுத்தே இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விக்கி சேஷுவைக் கைகாட்டினான்.

சேஷு சொல்லத் தொடங்கினார். இங்கே வேலை செய்பவர்கள் நாலைந்து மொழிக்காரர்கள், பலருக்கு எழுத்தே தெரியாது, பொத்தானை அமுக்குகிற அந்தக் கணத்தில் அவர்கள் பார்வை சுவருக்குப் போகாது என்றார். இந்தப் படம் படிக்கச் சொல்வதில்லை, கையை வைக்கச் சொல்கிறது என்றார். நிறுத்த நினைத்தார். ஆனால் அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டாள், கேள்விகள் சரியான இடத்தில் வந்தன, வாக்கியங்கள் தாமாகவே அடுத்தடுத்து அமைந்தன. டியூப் இல்லாத பொத்தான்கள் பளபளத்தன. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை நிறுத்தி இரண்டு கைகளையும் வைத்துக் காட்டச் சொன்னார். அந்த அம்மாள் குறித்துக்கொண்டாள். மிகத் தெளிவு, மிகத் தெளிவு என்றாள்.

அப்போது மேலே சத்தம் கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தம்தான். ஆனால் விரல் முட்டியால் தட்டுகிற கூர்மை அதில் இல்லை. முழங்கையோ தோளோ, கனமாக, ஒரே இடத்தில். பிறகு பலது சேர்ந்து.

அது என்ன என்று அந்த அம்மாள் கேட்டாள். சேஷு வாயைத் திறந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

விக்கி தரம்பாலைப் பார்த்தான். தரம்பால் பெரிய பிரஸ்முன் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் பச்சையின் மேல் ஒழுங்காக வைத்து அமுக்கினான். தரை குலுங்கியது. பஞ்ச் மேலே போனதும் மறுபடி அமுக்கினான். மறுபடி. உள்ளே தகடு இல்லை. இரும்பின் மேல் இரும்பு விழுந்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. அந்த அம்மாள் சேஷுவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு காதுகளிலும் விரல்களை விட்டு அடைத்துக்கொண்டாள்.